எஞ்சினுக்கு ஒரு பங்கு

கோவிந்தராசுவின் படகில் நாலு பேர் கடலுக்குப் போவார்கள். வரும்படியை ஏழு பங்காகப் பிரிப்பார்கள். ஆளுக்கு ஒன்றாக நாலு. படகுக்கு ஒன்று, வலைக்கு ஒன்று, எஞ்சினுக்கு ஒன்று. படகும் வலையும் எஞ்சினும் கோவிந்தராசுவுடையவை என்பதால் அந்த மூன்று பங்கையும் அவர் வாங்கிக்கொள்வார். முழங்கால் போனதிலிருந்து அவர் கடலுக்குப் போவதில்லை. சனிக்கிழமை காலையில் பிளாஸ்டிக் நாற்காலியோடு மணலுக்கு வருவார். புதுச்சேரி வைத்திக்குப்பத்தில் இது யாருக்கும் வினோதமில்லை. அவருடைய அப்பா காலத்தில் படகுக்கும் வலைக்கும் மட்டும் பங்கு இருந்தது. எஞ்சின் வந்தது, எஞ்சினுக்கும் ஒரு பங்கு வந்தது. அவ்வளவுதான்.

பஞ்சநாதன் அந்தப் படகில் இருபத்திரண்டு வருடம் போனவர். ஐம்பத்தொரு வயது. ஆள் குள்ளம், தோள்களை மட்டும் யாரோ ஒரு பெரிய ஆளிடம் இரவல் வாங்கி மாட்டிக்கொண்டதுபோல இருக்கும். கூட்டத்தில் பேசமாட்டார். அவர் வாயைத் திறந்தால் அநேகமாக அது ஒரு கேள்வியாக இருக்கும். அதனாலேயே மற்றவர்கள் அவரைப் பேசவிடாமல் பார்த்துக்கொண்டார்கள் என்று பிற்பாடு அவருடைய மனைவி வீராயி சொன்னார்.

மூன்று வருடத்துக்கு முன்னால், ஆவணியில், கோவிந்தராசுவின் எஞ்சின் பழுதாகி மெக்கானிக் கடையில் நாலு நாள் கிடந்தது. நாலு பேரும் துடுப்பு போட்டுக் கரையோரமாகவே போய் வந்தார்கள். உள்ளங்கை எல்லாம் கொப்புளம். அந்தச் சனிக்கிழமையும் கோவிந்தராசு ஏழு பங்குதான் பிரித்தார்.

"எஞ்சின் எங்க வந்துச்சு நம்பகூட?" என்று பஞ்சநாதன் கேட்டார்.

"வரல. அதான் தெரியுமே."

"வராததுக்கு எதுக்குப் பங்கு?"

கோவிந்தராசு சிரித்தார். "ஒடம்பு முடியாம படுத்த ஆளுக்குப் பங்கு குடுக்கறமா இல்லையா? அதுவும் அப்படித்தான்னு வெச்சுக்கயேன்."

"எனக்கு சிக்குன்குனியா வந்து ஒம்போது நாளு கெடந்தேன். மூணு நாளைக்குத்தான் குடுத்த."

"ஆளுக்கு மூணு நாளுதான்யா. அது ஊர் வழக்கம்."

"எஞ்சினுக்கு எத்தினி நாளு?"

பணம் எண்ணிக்கொண்டிருந்த கோவிந்தராசுவின் கை நின்றது. அதே படகில் போகும் மச்சினன் முத்துவேல்தான், வீராயியின் தம்பி, குறுக்கே புகுந்து பஞ்சநாதன் பக்கம் திரும்பினார்.

"அது இருக்கட்டும் மாமா. எஞ்சினுக்குக் கறி மீனு எடுத்து வெச்சியா? பாவம், ஆஸ்பத்திரியில கெடக்கு."

கறி மீன் என்பது விற்பனைக்கு முன்னால் கடலுக்குப் போன ஆள் ஒவ்வொருவரும் வீட்டுக் குழம்புக்கென்று எடுத்துக்கொள்ளும் ஒரு கை மீன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கோவிந்தராசு கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பஞ்சநாதனும் சிரித்தார். ஆனால் சிரித்து முடித்த பிறகும் தன் கேள்விக்குப் பதில் வரவில்லை என்பதை அவர் மட்டும் கவனித்தார்.

அடுத்த ஒரு மாதம் மீன் விற்கிற இடத்தில் பெண்கள் வீராயியைப் பார்த்து, "உங்க ஊட்டு எஞ்சினுக்கு ஒடம்பு தேவலையா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

கோவிந்தராசு கெட்டவர் இல்லை. அதைச் சொல்லியாக வேண்டும். அந்தச் சிக்குன்குனியாவின்போது ஆரஞ்சுப் பழத்தோடு பஞ்சநாதனை வந்து பார்த்தவர் அவர். யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும், யாருக்கு ஆபரேஷன் என்றாலும் முன்பணம் கேட்டால் முகம் சுளிக்காமல் கொடுப்பார். வாங்கியவர் அது தீரும்வரை வேறு படகுக்குப் போகக்கூடாது, அவ்வளவுதான். அதுவும் ஊர் வழக்கம்.

வீராயி முத்தியால்பேட்டைத் தெருக்களில் கூடை சுமந்து மீன் விற்பவர். அவருடைய வாடிக்கைக்காரர்களில் ஒருவர் ஹரிகிருஷ்ணன், கல்லூரியில் தத்துவம் நடத்தி ஓய்வுபெற்றவர். வஞ்சிரத்தைத் துண்டு போட்டுக்கொண்டே வீராயி இந்தக் கதையை அவரிடம் சொல்லியிருக்கிறார், சிரிக்கவைக்கத்தான். ஹரிகிருஷ்ணன் சிரிக்கவில்லை. "அவரை ஞாயித்துக்கிழமை எங்க வாசிப்பு வட்டத்துக்கு வரச் சொல்லுங்கம்மா. கட்டாயம் வரச் சொல்லுங்க" என்றார். வீராயிக்கு மீன் விலை கேட்காமல் ஒருவர் இவ்வளவு அவசரப்பட்டது ஆச்சரியம்.

வாசிப்பு வட்டம் மணிக்கூண்டுக்குப் பின்னால் ஒரு பைக் ஒர்க்‌ஷாப்பின் மாடியில் நடக்கும். வீட்டுக்காரர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்த சொல்தா ஒருவர், பிரான்சிலேயே தங்கிவிட்டார். மாடியை ஹரிகிருஷ்ணனுக்குச் சும்மா விட்டிருந்தார். ஏழெட்டுப் பேர் வருவோம். உழைப்பு, உடைமை, உபரி, முதலாளித்துவத்தை அடியோடு கேள்வி கேட்டவர்களின் யோசனைகள் என்று வாரத்துக்கு ஒன்று. வருகைப் பதிவேடு என் பொறுப்பில் இருந்தது. பேசாமல் இருப்பவனுக்கு ஒரு வேலை கொடுத்துவிட்டால் அவன் பேசாமல் இருப்பது யாருக்கும் உறுத்தாது. பஞ்சநாதன் முதல் நாள் அந்தப் பதிவேட்டில் பெயரை எழுதி, தொழில் என்ற இடத்தில் வெகுநேரம் பேனாவை வைத்துக்கொண்டிருந்துவிட்டு, "கடல்" என்று எழுதினார்.

அன்றைக்குப் பேச்சு அந்நியமாதலைப் பற்றி. ஒருவன் தன் கையால் செய்த பொருள் கூலிக்கு என்று ஆனதும் அவனுக்கே அந்நியமாகி எதிரில் வந்து நிற்கிறது என்று ஹரிகிருஷ்ணன் விளக்கினார். நன்றாக விளக்குவார். வலது கையால் காற்றில் ஒரு நாற்காலியைச் செய்து, இடது கையால் அதைத் தள்ளி வைத்துக் காட்டினார். பிறகு பஞ்சநாதன் பக்கம் திரும்பி, "நீங்க பிடிச்ச மீன் உங்களுக்கு அந்நியமாத் தெரிஞ்சிருக்கா?" என்று கேட்டார்.

பஞ்சநாதன் யோசித்தார்.

"மீனு எப்பவுமே அந்நியந்தான் சார். தண்ணியில இருக்கசொல்லயே அது நம்ப ஆளு இல்ல. வீராயி கூடையில போட்டு, நாலு பேர்கிட்ட சண்ட போட்டு வித்துட்டு வரசொல்லதான் கொஞ்சம் சொந்தமாத் தெரியும்."

எல்லோரும் சிரித்தார்கள். ஹரிகிருஷ்ணன் தன் குறிப்பேட்டில் ஏதோ எழுதிக்கொண்டார். அப்போது ஒருவர் எழுந்து ஜன்னலைத் திறந்தார். புழுக்கமான நாள், காற்றுக்காகவும் திறந்திருக்கலாம். பஞ்சநாதன் அதைப் பார்த்தார். அடுத்த வாரத்திலிருந்து அவர் உள்ளே வராமல் படிக்கட்டு ஓரம், செருப்புகள் கிடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். தலையில் எண்ணெய், முகத்தில் பவுடர், இஸ்திரி போட்ட சட்டை. இரண்டு தடவை சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு வருவார் என்று வீராயி ஒருமுறை கேலியாகச் சொன்னார்.

இயந்திரத்தைப் பற்றிய வாரம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. இயந்திரம் என்பது தானாக முளைத்த ஒன்றில்லை, எங்கேயோ எப்போதோ உழைத்தவர்களின் உழைப்பு உறைந்து கிடக்கும் உருவம் என்றார் ஹரிகிருஷ்ணன். இரும்பு தோண்டியவன், உருக்கியவன், வரைந்தவன், பூட்டியவன். அவர்களில் பலர் இன்று உயிரோடுகூட இருக்கமாட்டார்கள். போன உழைப்பு இன்றைய உழைப்போடு சேர்ந்து கடலுக்கு வருகிறது.

செருப்புகளுக்குப் பக்கத்திலிருந்து பஞ்சநாதன் கையைத் தூக்கினார். பள்ளிக்கூடத்தில் தூக்குவதுபோல.

"அப்ப எஞ்சின் பங்குன்றது அந்தச் செத்தவங்க பங்கா சார்?"

"ஒரு விதத்துல அப்படியும் பார்க்கலாம்."

"செத்தவன் கேக்கறான்னா குடுக்கலாம் சார், தப்பில்ல. ஆனா கை நீட்டி வாங்கறவன் உசுரோட இல்ல ஒக்காந்துக்கினு இருக்கான்?"

கீழே ஒர்க்‌ஷாப்பில் யாரோ ஒரு பைக்கை உதைத்துக்கொண்டிருந்தார். ஹரிகிருஷ்ணன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆட்களுக்கு நடுவில் இருக்கிற உறவு பொருள்களுக்கு நடுவில் இருக்கிற உறவாக வேஷம் போட்டுக்கொள்கிறது, பொருளுக்கு ஆள் குணம் வந்துவிடுகிறது, ஆளுக்குப் பொருள் குணம் வந்துவிடுகிறது, இதைத்தான் அடுத்த மூன்று வாரம் பார்க்கப்போகிறோம் என்றார். பஞ்சநாதன் அதை வாய்க்குள் சொல்லிப் பார்ப்பது தெரிந்தது.

அந்த மூன்று வாரமும் அவர் வரவில்லை. படகு வாங்க அலைந்துகொண்டிருந்தார்.

குருசுக்குப்பத்தில் ஒருவர் குவைத்துக்குப் போவதற்காகப் பழைய ஃபைபர் படகை எஞ்சினோடு விற்றார். வீராயி எடுத்த சீட்டுப் பணம், அவருடைய இரண்டு வளையல், அரியாங்குப்பத்தில் கட்டிக்கொடுத்த மகள் வினோதா கொடுத்தது எல்லாம் சேர்ந்து அது கைக்கு வந்தது. முத்துவேல் கோவிந்தராசுவின் படகிலிருந்து வந்தார். அன்பழகனும் அவர் தம்பியும் வேறொரு படகிலிருந்து வந்தார்கள். நாலு பேர். பஞ்சநாதன் சொன்ன வழக்கம் ஒன்றுதான்: நாலு பங்கு. படகுக்கு இல்லை, வலைக்கு இல்லை, எஞ்சினுக்கு இல்லை. பழுதுக்கென்று நாலு பேரும் ஒரே அளவில் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைப்பது. தான் போட்ட முதலை அதே டின்னிலிருந்து மெல்ல எடுத்துக்கொண்டு, படகை நாலு பேர் பேரிலும் எழுதிவிடுவது.

"பேரு எல்லாம் எதுக்கு மாமா? ஒன் பேர்லயே இருக்கட்டும்" என்றார் முத்துவேல்.

"ஏன், ஒன் பேரு நல்லாத்தான இருக்கு?"

"பேரு போட்டா நாளைக்கு அது முழுகிப் போனாலும் நான்தான பொறுப்பு?"

"ஆமா."

"அதான் சொல்றேன்."

எழுதுவது தள்ளிப்போனது. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. முதல் சனிக்கிழமை நான் கடற்கரைக்குப் போயிருந்தேன். படகின் ஓரத்தில் நாலு பேரும் மணலில் வட்டமாக உட்கார்ந்து பிரித்தார்கள். யாருக்கும் நாற்காலி இல்லை. பஞ்சநாதன் அன்று அளவுக்கு மேல் பேசினார். முத்துவேல் எஞ்சினைத் தட்டிக்கொடுத்து, "கோச்சுக்காத கண்ணு, ஒனக்கு தீவாளிக்கு கிரீஸு வாங்கித் தரேன்" என்றார். பக்கத்துப் படகுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். பஞ்சநாதனை அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை.

ஐந்து மாதம் ஓடியது. மாசி மகத்துக்கு ஊர்ச் சாமிகள் எல்லாம் வைத்திக்குப்பத்துக் கடலுக்கு வந்து தீர்த்தவாரி முடிந்துபோன அடுத்த வாரம், எஞ்சின் நின்றது. சின்னப் பழுது இல்லை. டின்னில் இருந்தது அதற்குப் போதவில்லை. ஆளுக்குக் கொஞ்சம் மேலே போடவேண்டியிருந்தது.

கோவிந்தராசுவின் படகில் எஞ்சின் நின்றால் நாலு பேரும் ஒரே வாயாகக் கோவிந்தராசுவைத் திட்டுவார்கள். கஞ்சன், எண்ணெய் மாத்தமாட்டான், பாடையில போறவன். திட்டிவிட்டுச் சேர்ந்து டீ குடிப்பார்கள். இங்கே திட்டுவதற்கு ஆள் இல்லை. அன்பழகன், முத்துவேல்தான் முடுக்கி முடுக்கி ஓட்டினார் என்றார். முத்துவேலோ, அன்பழகனின் தம்பிதான் தண்ணீர் கலந்த எண்ணெயை ஊற்றினான் என்றார். தம்பி, அவ்வளவு நேரம் பேசாமல் இருந்தவன், பழைய படகைத் தலையில் கட்டிய பஞ்சநாதன்தான் காரணம் என்றான். பஞ்சநாதன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு மணலில் ஒரு சிப்பியால் கோடு கிழித்துக்கொண்டிருந்தார். எப்படியோ எஞ்சின் திரும்பி வந்தது. ஆனால் நாலு பேரும் இப்போது எஞ்சினின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே கடலுக்குப் போனார்கள். அதில் லேசாக ஒரு இருமல் வந்தால்கூட ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

ஜூன் மாதத்தில் முத்துவேலின் மகளுக்கு நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்தது. கட்டுவதற்குப் பணம் வேண்டும், பத்து நாளுக்குள். பஞ்சநாதனிடம் என்ன இருக்கும்? அவருக்கு வந்ததும் முத்துவேலுக்கு வந்த அதே பங்குதான். டின்னைத் திறந்து காட்டினார்.

மறுநாள் முத்துவேல், அன்பழகனையும் அவர் தம்பியையும் கூட்டிக்கொண்டு பஞ்சநாதன் வீட்டுக்கு வந்தார். வீராயி சொல்லித்தான் இது எனக்குத் தெரியும். மூவரும் உட்காரவில்லை.

"மாமா, ஒண்ணு சொல்றோம், தப்பா எடுத்துக்காத" என்றார் முத்துவேல். "எஞ்சின் பங்க நீ எடுத்துக்க."

பஞ்சநாதனுக்கு விளங்கவில்லை.

"படகுப் பங்கு, வலைப் பங்கு வேணும்னாலும் எடுத்துக்க. எல்லாப் படகுலயும் இருக்கற மாதிரி ஏழாப் பிரி. ரிப்பேரு ஒன் பாடு. எங்களுக்கு ஒரு அவசரம்னா நீ பார்த்துக் குடு. நாங்க கடசி வரைக்கும் ஒன்கூட வரோம்."

"நான் எடுத்துக்கினா நீ என்னை இன்னான்னு நெனைப்ப?"

"மொதலாளின்னு நெனைப்பேன்" என்றார் முத்துவேல். அவர் அதைக் கிண்டலாகச் சொல்லவில்லை.

அன்பழகன் பின்னாலிருந்து சொன்னார்: "திட்டறதுக்காவது ஒரு ஆளு வேணும்ணே."

எடுத்துக்கொண்டால் ஆட்கள் இருப்பார்கள். எடுத்துக்கொள்ளாவிட்டால் போய்விடுவார்கள். முத்துவேல் கோவிந்தராசுவிடம் முன்பணத்துக்குப் பேசியும் வைத்துவிட்டார் என்பது எல்லோருக்கும் தெரியும். பஞ்சநாதன் இரண்டு நாள் தவணை கேட்டார்.

நடுவில் ஒரு ஞாயிறு வந்தது. வெகுநாளுக்குப் பிறகு மாடிக்கு வந்தார். இந்த முறை உள்ளே வந்து ஹரிகிருஷ்ணனுக்கு எதிரிலேயே உட்கார்ந்தார். சட்டையில் இஸ்திரி இல்லை. நடந்ததைச் சொன்னார். ஹரிகிருஷ்ணனின் முகம் பிரகாசமானது. அதை அவர் வேண்டுமென்று செய்யவில்லை.

"இது அபாரமான முரண்பாடு பஞ்சநாதன். சுரண்டப்படுறவங்களே வந்து, எங்களைச் சுரண்டுங்கன்னு கேக்கறாங்க. ஏன்னா அந்தப் பங்குக்குள்ளதான் அவங்களோட பாதுகாப்பும் அடைச்சு வெச்சிருக்கு. அடுத்த வாரம் முழுக்க இதையே விவாதிக்கலாம்."

"அடுத்த வாரம் வரைக்கும் அவங்க நிக்கமாட்டாங்க சார். நாளைக்கே சொல்லணும். நான் இன்னா சொல்றது?"

அங்கிருந்தவர்கள் பேசத் தொடங்கினார்கள். கூட்டுறவாகப் பதிவு செய்யலாம் என்றார் ஒருவர். சங்கத்துக்குப் போகலாம் என்றார் இன்னொருவர். தனிப் படகு ஒன்றால் எதையும் மாற்றமுடியாது, ஊரே மாறவேண்டும் என்றார் மூன்றாமவர். எல்லாமே சரியாகத்தான் இருந்தது. பஞ்சநாதன் ஒவ்வொருவர் முகத்தையும் மரியாதையாகப் பார்த்தார். எனக்குள்ளும் ஒரு வாக்கியம் இருந்தது. அது கடைசிவரை வெளியே வரவில்லை, வந்திருந்தாலும் உபயோகப்பட்டிருக்காது.

எல்லோரும் போன பிறகு ஹரிகிருஷ்ணன் படிக்கட்டுவரை வந்தார்.

"எனக்குத் தெரியல பஞ்சநாதன். நாப்பது வருஷம் இதைப் பாடமா நடத்தினேன். ஒரு நாளும் என்கிட்ட ஒரு எஞ்சின் இருந்ததில்லை."

"பரவால்ல சார்" என்றார் பஞ்சநாதன். செருப்பை மாட்டிக்கொண்டார். "ஒங்களுக்கு வஞ்சிரம் வரசொல்ல வீராயிகிட்ட குடுத்து அனுப்பறேன்."

அதற்குப் பிறகு அவர் அந்த மாடிக்கு வரவில்லை.

வீட்டில் வீராயி ஒரு வழி சொல்லியிருக்கிறார்.

"வாங்கித் தொலையேன்யா. பேருக்கு எஞ்சின் பங்குன்னு வாங்கு. வாங்கிட்டு, கேக்கறப்ப அவங்களுக்கே திருப்பிக் குடுத்துடு. நீ கேட்ட கேள்வியும் கெடாது, என் தம்பியும் போவமாட்டான்."

"அது தருமம் பண்ற மாதிரி ஆயிடும்."

"ஆவட்டுமே. தருமம் பண்ணா பாவமா?"

"குடுக்கறவன் நானு, வாங்கறவன் அவன். அவன் கேட்டுக்கினு நிப்பான், நான் ஒக்காந்துக்கினு இருப்பேன். கோவிந்தராசும் அதத்தான பண்றாரு? அவரு என்னா குடுக்காமலா இருக்காரு?"

வீராயி, "ஒன் ஒரு கேள்விக்கு என் ரெண்டு வளையலு போச்சு. இப்ப கூடப் பொறந்தவனும் போறான். இன்னும் இன்னா வெச்சிருக்க கேக்கறதுக்கு?" என்று சொல்லிவிட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அதை என்னிடம் சொல்லும்போதுகூட அவருக்குக் கோபம் ஆறவில்லை. யார்மேல் என்று அவருக்கே தெளிவாக இல்லை.

திங்கட்கிழமை விடிகிற நேரம் மூவரும் படகுக்கு வந்தார்கள். சாப்பாட்டுத் தூக்கைப் படகில் வைக்காமல் கையிலேயே பிடித்திருந்தார்கள்.

"இன்னா மாமா முடிவு?"

"நாலு பங்குதான்."

"நாங்க வேணுமா, ஒன் வீம்பு வேணுமா?"

அது வீம்புதானா என்று பஞ்சநாதனும் யோசித்துக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். முத்துவேல் காத்திருந்தார். நல்ல வெளிச்சம் வரும்வரை காத்திருந்தார். பிறகு மூவரும் மணலில் நடந்து, ஆள் போதாமல் இருந்த கோவிந்தராசுவின் படகுப் பக்கம் போனார்கள். அன்பழகனின் தம்பி மட்டும் ஒருமுறை திரும்பிப் பார்த்தான்.

அன்றும் அதற்கடுத்த நாட்களிலும் பஞ்சநாதன் கடலுக்குப் போகவில்லை. ஆள் தேடினார். நாலு பங்கு என்றால் சரி என்பவர்கள் டின் என்றதும் யோசித்தார்கள். படகை விற்றுவிடச் சொன்னாள் மகள். வாங்குகிறவன் எஞ்சினுக்குப் பங்கு போடுவான் என்றார் இவர். அதற்கு வினோதா போனை வைத்துவிட்டாள்.

கடைசியில் அவர் நண்டு வலைக்கு மாறினார். அதைக் கரையிலிருந்து அதிக தூரம் போகாமல், ஒற்றை ஆளாக விட்டு இழுக்க முடியும். ஆபத்துதான். எஞ்சினையும் பிடித்து வலையையும் இழுக்க அவருக்கு இருப்பது இரண்டு கை. முதல் நாள் இருட்டு விலகும்போது வலையைப் படகில் அடுக்கி, எண்ணெய் ஊற்றி, எல்லாம் தயார் செய்துவிட்ட பிறகுதான் படகைத் தண்ணீருக்குத் தள்ள இன்னும் மூன்று தோள் வேண்டும் என்பது அவருக்கு உறைத்திருக்கிறது. படகின்மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு நின்றார்.

மணலில் ஒரு படகு தள்ள ஆளில்லாமல் நின்றால் அந்தப் பக்கம் போகிறவர்கள் தோள் கொடுத்துவிட்டுப் போவார்கள். கேட்கவேண்டியதில்லை. பேச்சுவார்த்தை இல்லாத பங்காளியும் தள்ளுவான். அதற்குப் பங்கும் கிடையாது, நன்றி சொல்வதும் கிடையாது. இது எப்போதிலிருந்து என்று யாருக்கும் தெரியாது. அன்று கோவிந்தராசுவின் படகுக்குப் போய்க்கொண்டிருந்த முத்துவேல் வழியை மாற்றி இந்தப் பக்கம் வந்தார். அன்பழகனும் தம்பியும் வந்தார்கள். எதுவும் பேசாமல் தோளைக் கொடுத்தார்கள். படகு தண்ணீரைத் தொட்டதும் மூவரும் கையைத் தட்டிக்கொண்டு தங்கள் படகைப் பார்க்கப் போனார்கள். பஞ்சநாதன் ஏறி எஞ்சினைக் கிளப்பினார்.

தினமும் அப்படித்தான் நடந்தது.

போன வருடம் கார்த்திகை வாக்கில் ஒரு சனிக்கிழமை நான் அவரைப் பார்க்கப் போனேன். படகின் நிழலில் உட்கார்ந்து, வலையில் சிக்கிய நண்டின் காலை ஒவ்வொன்றாக விடுவித்துக்கொண்டிருந்தார். நூறு அடி தள்ளிக் கோவிந்தராசுவின் நாற்காலியைச் சுற்றி அவர்களின் பங்கு நடந்துகொண்டிருந்தது. முத்துவேல் எதையோ சொல்லிக் கத்த, எல்லோரும் சிரிக்கிற சத்தம் வந்தது. சுற்றுலாக்காரர்கள் இருவர் பஞ்சநாதனின் படகுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

"எப்படிண்ணே இருக்கு?" என்று கேட்டேன்.

"நண்டு வெல நல்லாத்தான் இருக்கு தம்பி." கொஞ்ச நேரம் கழித்து, "சனிக்கெழமதான் ஒரு மாதிரி இருக்கு" என்றார்.

"ஏன்?"

"பிரிக்கறதுக்கு ஆளு இல்ல."

அடுத்த நண்டை எடுத்தார். அது அவர் விரலைப் பிடிக்கப் பார்த்தது.

"ஏழான்னும் கெடையாது, நாலான்னும் கெடையாது. எல்லாம் எனுதுதான். இதுல என் கையி எவ்ளோ, எஞ்சின் எவ்ளோன்னு பார்த்தா தெரியமாட்டேங்குது. நாலு பேரு இருக்கசொல்லதான் அது தெரிஞ்சுது. இப்ப நானே மொதலாளி, நானே ஆளு. யாருகிட்டன்னு போயி நியாயம் கேக்கறது?"

நான் ஏதாவது சொல்வேன் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. அது ஒரு ஆறுதல். வலை முழுவதையும் சுத்தம் செய்து முடித்துவிட்டு, நல்ல நண்டாக மூன்று ஜோடி பொறுக்கி, கொடுக்குக்கு நூல் கட்டி, ஒரு பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். அங்கே பங்கு முடிந்து ஆட்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். முத்துவேலிடம் நடந்து போய்ப் பையை நீட்டினார். நான் கொஞ்சம் பின்னால் நின்றேன்.

"இன்னாது மாமா?"

"நண்டு. மூணு பேரும் எடுத்துக்கங்க."

"எதுக்கு?"

"டெய்லி தள்ளி விடறீங்களே."

முத்துவேலின் முகம் மாறியது. கோபம் என்றுதான் முதலில் நினைத்தேன்.

"தள்ளுனதுக்குக் கூலியா?"

"கூலி இல்லடா. சும்மா."

"சும்மான்னா ஏன் மூணு ஜோடி எண்ணிப் போட்டுக்கினு வந்த?" பையை அவர் தொடவே இல்லை. "எஞ்சினுக்குக் குடுக்கமாட்டேன்ன. எங்களுக்கு மட்டும் ஏன் குடுக்கற? எங்கள இன்னான்னு நெனச்ச? எடுத்துக்கினு போ மாமா. அக்காகிட்ட குடு, விக்கட்டும்."

அன்பழகன் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். பஞ்சநாதன் நீட்டிய கையை உடனே இறக்கவில்லை. பைக்குள் நண்டுகள் ஒன்றையொன்று பிறாண்டும் சத்தம் கேட்டது. அவருடைய காது சிவந்திருந்தது. பிறகு பையை எடுத்துக்கொண்டு என்னைத் தாண்டி வீட்டுப் பக்கம் நடந்தார். நான் கூப்பிடவில்லை.

முத்துவேல் இனிமேல் தள்ள வரமாட்டார் என்று நினைத்தேன். அந்த நினைப்பு விடவில்லை. திங்கட்கிழமை விடியற்காலையில் கடற்கரைக்குப் போய்க் கருங்கற்கள்மேல் உட்கார்ந்தேன். பஞ்சநாதன் வலையை அடுக்கிவிட்டு எந்தப் பக்கமும் பார்க்காமல் நின்றார். மூவரும் வந்தார்கள். தோள் கொடுத்தார்கள். அலை வந்து படகைத் தூக்கியதும் பஞ்சநாதன் தாவி ஏறினார். முத்துவேல் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கத்தினார்.

"மாமா, தெக்கால போவாத. தண்ணி இழுப்பு சரியில்ல."

எஞ்சின் சத்தத்தில் அது அவருக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. படகு வடக்கே திரும்பியது.